பிழைக்கப்போவது யார்? சியாட்டில் கமிட்டியின் கதை

கட்டில்கள் மூன்று. காத்திருப்பவர்களோ அதைவிட எத்தனையோ மடங்கு. கட்டில் கிடைத்தவர் பிழைப்பார். கிடைக்காதவர் சில வாரங்களில் இறந்துபோவார். யாருக்குக் கட்டிலைக் கொடுப்பது?

பரீட்சைத் தாளில் வரும் கற்பனைக் கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில் நகரத்தில், ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இந்தக் கேள்விக்கு நிஜமாகவே பதில் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் மருத்துவர் ஒருவர் மட்டும்தான். மற்ற ஆறு பேரும் மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்! இந்தக் குழுவுக்குப் பின்னாளில் கிடைத்த பட்டப்பெயர் "கடவுள் கமிட்டி".

2020-ல் கொரோனா பரவி வென்டிலேட்டர்கள் போதாமல் போனபோது, உலகம் முழுவதும் மருத்துவர்களும் சட்ட நிபுணர்களும் இந்தப் பழைய கதையைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார்கள். மருத்துவத்தில் முன்னுரிமை என்ற பேச்சு வந்தாலே சியாட்டில் வந்துவிடுகிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

இயந்திரம் வந்த கதை

இரத்தத்தில் சேரும் கழிவுகளைப் பிரித்து வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டால் யூரியா, பொட்டாசியம் போன்றவை இரத்தத்திலேயே தங்கிவிடும். குமட்டல், மூச்சுத்திணறல், நினைவிழப்பு, கடைசியில் மரணம். 1940-கள் வரை இதற்கு வைத்தியமே கிடையாது.

முதல் வழியைக் கண்டவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். நெதர்லாந்து ஜெர்மானியர்களின் பிடியில் இருந்தது. கம்பென் என்ற சிறு ஊரின் மருத்துவமனையில் கோல்ஃப் ஒரு விநோதமான கருவியைக் கட்டினார். மரச் சட்டங்களால் ஆன ஓர் உருளை. அதன்மேல் சுற்றிய நீண்ட செல்லோஃபேன் குழாய் (இறைச்சி அடைத்து விற்பார்களே, அந்தக் குழாய்தான்). கீழே உப்புக் கரைசல் நிரம்பிய தொட்டி. குழாய்க்குள் நோயாளியின் இரத்தம் ஓடும், உருளை தொட்டியில் சுழலும், கழிவுகள் செல்லோஃபேன் வழியாகக் கசிந்து கரைசலுக்குள் போய்விடும். டயாலிசிஸ் என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

1943 முதல் அவர் சிகிச்சை அளித்த நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1945 செப்டம்பரில் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 67 வயதுப் பெண்மணி ஒருவர்தான் இந்த இயந்திரத்தால் பிழைத்த முதல் ஆள். அவர் யார் தெரியுமா? நாஜிகளை ஆதரித்ததற்காகப் போர் முடிந்ததும் சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர்! ஊர்க்காரர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் அவருக்காக எத்தனை கைகள் உயர்ந்திருக்கும் என்பது சந்தேகமே. கோல்ஃப் ஓட்டெடுப்பு எதுவும் நடத்தவில்லை. நோயாளியின் சிறுநீரகம் நின்றுவிட்டது, இயந்திரம் காலியாக இருந்தது. அவருக்கு அது போதும்.

இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சியாட்டிலில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

ஒரு சின்னக் குழாய்

கோல்ஃபின் இயந்திரத்துக்கு ஒரு பெரிய குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் நோயாளியின் தமனி ஒன்றையும் சிரை ஒன்றையும் வெட்டித் திறக்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் அவற்றைக் கட்டிவிட வேண்டும், அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த முடியாது. சில முறைகளுக்குப் பிறகு உடம்பில் வேறு இடமே இருக்காது. அதனால் விபத்து, விஷம், பிரசவக் கோளாறு போன்றவற்றால் சிறுநீரகம் தற்காலிகமாக நின்றுபோனவர்களுக்கு மட்டுமே டயாலிசிஸ் பயன்பட்டது. சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதானவர்களுக்கு எந்தக் கதியும் இல்லை.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெல்டிங் ஸ்கிரிப்னரிடம் அப்படி ஒரு நோயாளி வந்தார். தற்காலிகக் கோளாறு என்று நினைத்து டயாலிசிஸ் செய்தார்கள். நோயாளி எழுந்து உட்கார்ந்தார். பிறகுதான் அவருடைய சிறுநீரகங்கள் அடியோடு அழிந்துவிட்டது தெரிந்தது. "இனி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று குடும்பத்தாரிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் இறந்துபோனார்.

அது ஸ்கிரிப்னரின் மனதை விட்டு அகலவில்லை. ஒருநாள் நள்ளிரவில் விழித்தபோது அந்த யோசனை வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தமனியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய், இரண்டையும் கையிலேயே நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். சிகிச்சை இல்லாத நேரத்தில் யூ வடிவக் குழாய் ஒன்றால் இரண்டையும் இணைத்துவிட்டால் இரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை அந்த இணைப்பைக் கழற்றி இயந்திரத்தில் மாட்டினால் போதும், வெட்ட வேண்டிய தேவையே இல்லை!

டெஃப்லான் அப்போதுதான் புதிதாகப் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த பொருள். இரத்தம் அதில் எளிதில் ஒட்டாது. வெய்ன் குவின்டன் என்ற பொறியாளர் அந்த டெஃப்லானில் குழாயை வளைத்துச் செய்து கொடுத்தார். 1960 மார்ச் 9-ம் தேதி போயிங் விமானத் தொழிற்சாலையில் இயந்திர வேலை பார்த்த 39 வயது கிளைட் ஷீல்ட்ஸின் கையில் அது பொருத்தப்பட்டது. சாகும் தறுவாயில் இருந்த ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

மரண தண்டனை போலிருந்த ஒரு நோய், ஒரு சாண் குழாயால் தொடர்ந்து சமாளிக்கக்கூடிய நோயாக மாறியது. பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

மூன்று கட்டில்கள்

டயாலிசிஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை. உயிரோடு இருக்கும்வரை செய்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதைய முறைப்படி வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஒரு நோயாளியின் ஓராண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல். அன்றைக்கு ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பம் ஆண்டு முழுக்கச் சம்பாதித்ததைவிட அது மிக அதிகம். அரசோ காப்பீட்டு நிறுவனங்களோ வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் செலவாகவும் அது இருக்கவில்லை.

பல்கலைக்கழக மருத்துவமனை ஒரு சில நோயாளிகளோடு நிறுத்திக்கொண்டது. சேர்த்த ஒவ்வொருவரையும் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டுமே! ஸ்கிரிப்னர் கிங் மாவட்ட மருத்துவச் சங்கத்தை அணுகினார். ஹார்ட்ஃபோர்ட் அறக்கட்டளை நிதி கொடுக்க முன்வந்தது. 1962 ஜனவரியில் ஸ்வீடிஷ் மருத்துவமனையின் செவிலியர் விடுதிக் கட்டடத்தின் அடித்தளத்தில் சியாட்டில் செயற்கைச் சிறுநீரக மையம் திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வெளியே, டயாலிசிஸுக்கு என்றே உலகில் அமைந்த முதல் மையம் அதுதான். அங்கே இருந்தவை மூன்று கட்டில்கள்.

போரில் காயம்பட்டவர்களை வரிசைப்படுத்தும் முறை மருத்துவர்களுக்குப் பழக்கமானதுதான். நெப்போலியன் படையின் தலைமை மருத்துவர்களில் ஒருவரான டொமினிக் லாரே அதற்கு வகுத்த விதி புகழ்பெற்றது. காயம் யாருக்கு மிக ஆபத்தோ அவருக்கு முதலில் சிகிச்சை, பதவியையும் அந்தஸ்தையும் பார்க்கக் கூடாது. தளபதியானாலும் சிப்பாயானாலும் காயத்துக்குத்தான் மரியாதை. இப்படிப் பிரிப்பதை பிரெஞ்சுக்காரர்கள் "ட்ரியாஜ்" என்றார்கள். இன்றும் எல்லா நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் அந்தச் சொல்தான்.

ஆனால் சியாட்டிலில் அந்த விதி கைகொடுக்கவில்லை. காத்திருந்த எல்லோருக்குமே ஒரே ஆபத்து. போர்க்களத்தில் ஒருவருக்குக் கட்டுப்போட்டுவிட்டு அடுத்தவரிடம் போகலாம். இங்கே ஒருவருக்குக் கொடுத்த கட்டில் அவர் சாகும்வரை திரும்பி வராது. சிகிச்சை எவ்வளவு நன்றாக வெற்றிபெறுகிறதோ அவ்வளவுக்கு அடுத்தவருக்கான வாசல் மூடியே இருக்கும்.

ஏழு பேர்

இந்தச் சுமையை மருத்துவர்கள் தாங்களே சுமக்க விரும்பவில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. யாருடைய உடல் சிகிச்சையைத் தாங்கும் என்பது மருத்துவரின் படிப்புக்குள் வரும் கேள்வி. தாங்கக்கூடிய பத்துப் பேரில் எந்த இரண்டு பேர் என்பது அந்தப் படிப்புக்குள் வராது. அது ஊருக்குச் சொந்தமான கேள்வி, எனவே ஊர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஆகவே இரண்டு கட்டத் தேர்வு. முதலில் சிறுநீரக மருத்துவர்கள் பார்ப்பார்கள். வேறு பெரிய நோய் இருப்பவர்களை விலக்குவார்கள், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டைத் தாங்கும் மன உறுதி இருக்கிறதா என்று கவனிப்பார்கள். அதில் தேறியவர்களின் விவரம் இரண்டாவது குழுவுக்குப் போகும். 1961-ல் மருத்துவச் சங்கம் நியமித்த அந்தக் குழுவில் ஒரு பாதிரியார், ஒரு வக்கீல், ஒரு வங்கி அதிகாரி, ஒரு இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு மாநில அரசு அதிகாரி, ஒரு அறுவை சிகிச்சை நிபுணர். இவர்களின் பெயர்கள் ரகசியமாக வைக்கப்பட்டன. எதைவைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. விதிகளையும் அவர்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் எளிதான வேலிகளைப் போட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம், குழந்தைகளும் வேண்டாம். இந்த வயது வரம்பு மருத்துவர்களின் யோசனைப்படி வந்தது. இத்தனைக்குப் பிறகும் கட்டில்களைவிட ஆட்கள் அதிகமாகவே இருந்தார்கள்.

அடுத்து வந்த பட்டியல்தான் இன்றும் படிப்பவர்களைத் திகைக்க வைப்பது. ஆணா பெண்ணா, திருமணமானவரா, எத்தனை பேர் இவரை நம்பியிருக்கிறார்கள், வருமானம் எவ்வளவு, சொத்து எவ்வளவு, என்ன படிப்பு, என்ன வேலை, இதுவரை சாதித்தது என்ன, இனி சாதிக்கப்போவது என்ன... கிட்டத்தட்ட வேலைக்கான நேர்காணல். வித்தியாசம் என்னவென்றால், விண்ணப்பதாரர் நேரில் வர மாட்டார், தேர்வாகாதவர் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கவும் மாட்டார்.

மூடிய கதவுக்குள்

1962 நவம்பர் 9-ம் தேதியிட்ட 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் என்ற பத்திரிகையாளர் இந்தக் குழுவைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அன்றைய அமெரிக்காவில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட இதழ்களில் அது ஒன்று. ஏழு பேரையும் முகம் தெரியாத நிழலுருவங்களாகக் காட்டும் படமும் அதில் இருந்தது.

அந்தக் கட்டுரை விவரிக்கும் ஒரு கூட்டத்தில் ஐந்து நோயாளிகள், இரண்டு இடங்கள். விவாதம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒருவர் தேவாலயப் பணிகளில் ஈடுபாடு உள்ளவர் என்பது அவருக்குச் சாதகமாகப் பேசப்படுகிறது. இன்னொருவருக்குக் குழந்தைகள் அதிகம், அவர் இறந்தால் அந்தக் குடும்பம் அரசின் கைக்கு வந்துவிடும் என்ற கணக்கு வருகிறது. இறப்பவரின் மனைவி மறுமணம் செய்துகொள்ள வாய்ப்பு உண்டா, மூன்று குழந்தைகள் உள்ள விதவைக்கு வாய்ப்பு அதிகமா, ஆறு குழந்தைகள் உள்ளவருக்கா என்றுகூட யோசிக்கிறார்கள்.

இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. குழந்தைகள் அநாதைகளாகிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இப்படிக் கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். சிக்கனமாக இருந்து மனைவி மக்களுக்குப் பணம் சேர்த்து வைத்தவர் இறந்தால் குடும்பம் தாக்குப்பிடித்துக்கொள்ளும். எனவே அவர் இறக்கலாம்! கையில் காசு தங்காதவர் இறந்தால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். எனவே அவர் பிழைக்க வேண்டும்! எந்தக் குணத்தை ஊர் மெச்சுகிறதோ அதே குணம் இங்கே ஒருவரின் உயிருக்கு எதிராகத் திரும்பியது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஏழு பேருமே அந்த ஊரில் ஓரளவு வசதியோடும் மதிப்போடும் வாழ்ந்தவர்கள். "நல்ல குடிமகன்" என்று அவர்கள் மனதில் பதிந்திருந்த உருவம் அவர்களைப் போலவே இருந்ததில் ஆச்சரியம் இல்லை. வேலை, குடும்பம், தேவாலயம், பொதுச்சேவை. இந்தச் சட்டகத்துக்குள் அடங்காத கவிஞனோ, தனியாளோ, கலகக்காரனோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டேவிட் சாண்டர்ஸ், ஜெசி டியூக்மினியர் என்ற இரு பேராசிரியர்கள் 1968-ல் ஒரு சட்ட இதழில் இதைத்தான் கேட்டார்கள். காட்டுக்குள் தனியாகக் குடில் போட்டு வாழ்ந்த எழுத்தாளர் தோரோ போன்ற ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனால் சியாட்டில் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது அவர்களின் கிண்டல்.

சீட்டுக் குலுக்கலாமா?

1965-ல் என்.பி.சி. தொலைக்காட்சி இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. கேள்வி நாடு முழுக்கப் பரவியது. தத்துவவாதிகளும் இறையியலாளர்களும் களத்தில் இறங்கினார்கள்.

நிகோலஸ் ரெஷர் என்ற தத்துவவாதி 1969-ல் எழுதிய கட்டுரையில், நோயாளியால் சமூகத்துக்கு என்ன பயன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று வாதிட்டார். சமூகம் ஒருவருக்காக இவ்வளவு செலவழிக்கிறது, பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கக் கூடாதா என்பது அந்த வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டே பால் ராம்சே, ஜேம்ஸ் சில்ட்ரெஸ் ஆகியோர் அதை மறுத்து எழுதினார்கள். மருத்துவ ரீதியாகத் தகுதியானவர்கள் அனைவரும் சமம், அவர்களுக்கிடையே சீட்டுக் குலுக்க வேண்டும், அல்லது முதலில் வந்தவருக்கு முதலில் தர வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

இந்த விவாதத்தில் ஒரு பழைய வழக்கும் எடுத்துக்காட்டப்பட்டது. 1841-ல் வில்லியம் பிரவுன் என்ற கப்பல் அட்லாண்டிக் கடலில் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. உயிர்ப்படகில் ஆட்கள் அதிகம், தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. மாலுமிகள் பயணிகளில் சிலரைத் தூக்கிக் கடலில் எறிந்தார்கள். 1842-ல் ஹோம்ஸ் என்ற மாலுமி மீது பிலடெல்பியாவில் விசாரணை நடந்தது. படகைச் செலுத்தத் தேவைப்பட்டவர்கள் போக மற்றவர்களுக்கிடையே சீட்டுப் போட்டுத்தான் முடிவெடுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது.

சீட்டுக் குலுக்கலிலும் மனம் ஒப்பாத இடங்கள் உண்டு. ஆறு குழந்தைகளின் தாய்க்கும் தனி ஆளுக்கும் ஒரே சீட்டா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குலுக்கலில் தோற்பவரிடம் "உனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று மட்டும்தான் சொல்கிறோம். கமிட்டியில் தோற்பவரிடம் "உன் உயிர் அவ்வளவு பெறாது" என்று சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

பொறியாளர்கள் தந்த பதில்

வாதம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, அதே பல்கலைக்கழகத்தில் வேறு ஒரு வழி திறந்தது. 1964-ல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வயது குறைவு என்று மையத்தில் இடம் கிடைக்கவில்லை. அணுப் பொறியியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாப் அவளுடைய தந்தைக்கு நண்பர். பாப்பும் அவர் குழுவினரும் சில மாதங்களுக்குள் வீட்டிலேயே வைத்து இயக்கக்கூடிய சிறிய டயாலிசிஸ் இயந்திரம் ஒன்றைச் செய்து முடித்தார்கள். சிறுமி வீட்டில் தூங்கும்போதே சிகிச்சை நடந்தது. அவளுக்கு இருந்த வேறொரு நோயால் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இறந்தாள் என்றாலும், அந்த இயந்திரம் செய்த வேலை பெரிது.

வீட்டில் சிகிச்சை என்றால் கட்டில் வேண்டாம், செவிலியர் சம்பளம் வேண்டாம், செலவு பாதிக்கும் கீழே இறங்கும். சியாட்டில் மையம் அந்தத் திசையில் வேகமாகப் போனது. கமிட்டி நிராகரிக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. ஏழு பேர் மேசையில் உட்கார்ந்து மூன்று கட்டில்களைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தபோது, பொறியாளர்கள் "ஏன் மூன்று?" என்று கேட்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு நடுவே இந்தக் கேள்வியை யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிறுமிக்கு இயந்திரம் கிடைத்ததற்கு ஒரு காரணம் அப்பாவின் நண்பர் பொறியாளராக இருந்தது. அப்படி நண்பர் இல்லாத சிறுமிகள் எத்தனை பேரோ!

நாடாளுமன்றத்தில் ஓர் இயந்திரம்

கடைசியில் கட்டில் தட்டுப்பாட்டை முடித்துவைத்தது பணம். 1967-ல் அமெரிக்க அரசு அமைத்த காட்ஷாக் குழு, டயாலிசிஸ் இனி பரிசோதனை அல்ல, நிலைபெற்ற சிகிச்சை, அரசு இதற்குப் பணம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1971 நவம்பர் 4-ம் தேதி ஷெப் கிளேசர் என்ற நோயாளி நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால், உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் உடலில் டயாலிசிஸ் இயந்திரத்தை மாட்டிக்கொண்டார். காகிதத்தில் எண்களாக இருந்த நோயாளி நேரில் வந்து உட்கார்ந்தார். சியாட்டில் கமிட்டி பார்க்காத முகம் அது.

1972 செப்டம்பர் 30 அன்று செனட்டில் வான்ஸ் ஹார்ட்கே கொண்டுவந்த திருத்தம் அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு 52-3 என்ற ஓட்டில் நிறைவேறியது. அக்டோபர் 30 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். 1973 ஜூலை முதல், சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்த பெரும்பாலான அமெரிக்கர்களின் சிகிச்சைச் செலவை எந்த வயதினராக இருந்தாலும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது.

அப்போது அந்த நாட்டில் டயாலிசிஸில் இருந்தவர்கள் சுமார் 10,000 பேர். இன்று 5 லட்சத்துக்கும் மேல். 2010-களின் கணக்குப்படி மெடிகேர் பயனாளிகளில் இவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை, ஆனால் செலவில் நூற்றுக்கு ஏழு இவர்களுக்கு. அப்படியானால் இதயம், புற்றுநோய், இரத்தம் உறையாத நோய் ஆகியவற்றுக்கு ஏன் இந்தச் சலுகை இல்லை? வரிசை மறையவில்லை. சிறுநீரக நோயாளிகள் வரிசையிலிருந்து வெளியே வந்தார்கள், மற்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

சொல்லாமல் செய்த தேர்வு

அதே காலத்தில் பிரிட்டனில் நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால்தான் சியாட்டிலை முழுமையாக எடைபோட முடியும். அங்கே மருத்துவம் எல்லோருக்கும் இலவசம். ஆனால் டயாலிசிஸ் மையங்கள் குறைவு. கமிட்டி எதுவும் இல்லை, பத்திரிகையில் செய்தியும் இல்லை. என்ன நடந்தது? வயதான நோயாளிகளைப் பொது மருத்துவர்கள் பெரிய மையங்களுக்கு அனுப்பாமலே விட்டார்கள். ஹென்றி ஆரன், வில்லியம் ஷ்வார்ட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார்கள். நோயாளியிடம் "உங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை" என்பார்கள். அவரும் டாக்டர் சொல்கிறாரே என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

செய்ய ஒன்றுமில்லை என்பது மருத்துவ உண்மை இல்லை. பணம் இல்லை என்பதுதான் உண்மை. அதை மருத்துவ மொழியில் சொன்னதால் எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. இன்னொரு பிரச்சினை, அப்படிச் சொல்லிச் சொல்லி மருத்துவரே அதை நம்ப ஆரம்பித்துவிடுவார்.

சியாட்டில் மருத்துவர்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை. "இது எங்கள் படிப்பில் இல்லாத கேள்வி" என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். கமிட்டியின் அளவுகோல் மோசமானது. ஆனால் அது அளவுகோல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்ததால்தான் திட்டினார்கள், திட்டியதால்தான் மாறியது.

ஆளை விட்டுவிட்டு நோயைப் பட்டியலிட்டவர்கள்

வாஷிங்டனுக்குத் தெற்கே பக்கத்து மாநிலம் ஆரிகன். 1987-ல் அந்த மாநில அரசு ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் பெரும்பாலான உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. அந்தத் தொகையில் கர்ப்பிணிகள் உட்பட இன்னும் பலருக்கு அடிப்படை மருத்துவம் தரலாம் என்பது கணக்கு. அந்த ஆண்டே இரத்தப் புற்றுநோய் வந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், குடும்பத்தார் சிகிச்சைக்குப் பணம் திரட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்தான். நாடே கொந்தளித்தது.

மாநில செனட்டின் தலைவர் ஜான் கிட்ஸ்ஹேபர் தொழிலால் அவசர சிகிச்சை மருத்துவர். 1989-ல் அவர் முன்னின்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். சிகிச்சைகளை முக்கியத்துவப்படி பட்டியலிடுவது, கையிலுள்ள பணம் எந்த வரிசை எண் வரை வருமோ அங்கே கோடு போடுவது. கோட்டுக்கு மேலே இருப்பது எல்லா ஏழைகளுக்கும் உண்டு, கீழே இருப்பது யாருக்கும் இல்லை. ஊர் ஊராகப் பொதுக்கூட்டம் போட்டு மக்கள் கருத்தைக் கேட்டார்கள்.

1990-ல் வந்த முதல் பட்டியல் சிரிப்புக்கிடமானது. செலவையும் பலனையும் வகுத்துப் பார்த்த கணக்கில் பல்லுக்குத் தொப்பி போடுவது குடல்வால் அறுவை சிகிச்சைக்கு மேலே வந்துவிட்டது! தூக்கிப்போட்டுவிட்டுத் திருத்தினார்கள். 1992-ல் மத்திய அரசு, இது மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதகமாக இருக்கும் என்று அனுமதி மறுத்தது. மறுபடி திருத்தினார்கள். 1994 பிப்ரவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது பட்டியலில் 696 வரிசைகள், கோடு 565-க்குக் கீழே.

அதில் குறைகள் இல்லாமல் இல்லை. பட்டியல் ஏழைகளுக்கு மட்டும்தான், பணக்காரர்களுக்குக் கோடே கிடையாது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் சியாட்டிலிலிருந்து ஒரு படி முன்னால் வந்திருந்தார்கள். பட்டியலில் இருந்தவை நோய்களும் சிகிச்சைகளும். தேவாலயத்துக்குப் போகிறாரா, சேமிப்பு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. 1984-ல் வந்த சட்டத்தின்படி அமெரிக்காவில் உருவான உறுப்பு மாற்றுப் பங்கீட்டு முறையிலும் இதே போக்குதான். இரத்த வகை, உடல் பொருத்தம், நோயின் அவசரம், காத்திருந்த காலம் ஆகியவை கணக்கில் வரும். நோயாளி நல்லவரா கெட்டவரா என்பது வராது. கம்பென் ஊரில் கோல்ஃப் எடுத்த முடிவுக்குச் சட்டம் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.

மூன்று கேள்விகள்

இந்தக் கதை முழுவதிலும் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. இந்தச் சிகிச்சை இவருக்குப் பலன் தருமா? இது மருத்துவருக்கான கேள்வி. இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம்? இது வரி கட்டும் மக்களுக்கும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் உரியது. இவர் உயிரோடு இருக்கத் தகுதியானவரா? இதைக் கேட்க யாருக்குமே உரிமை இல்லை.

சியாட்டில் மருத்துவர்கள் முதல் கேள்வியை மற்றவற்றிலிருந்து சரியாகப் பிரித்தார்கள். ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்க அன்றைக்கு யாரும் தயாராக இல்லாததால், அந்தச் சுமை ஏழு பேர் தலையில் மூன்றாவது கேள்வியாக வந்து விழுந்தது. நாடாளுமன்றம் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு மூன்றாவது கேள்விக்கு அந்தக் கட்டில்களைப் பொறுத்தவரை வேலையே இல்லாமல் போனது.

மருத்துவ அறத்தின் வரலாற்றை எழுதிய ஆல்பர்ட் ஜான்சன், அந்தத் துறை பிறந்த நாளாக 'லைஃப்' கட்டுரை வெளியான நாளையே குறிப்பிடுகிறார். ஸ்கிரிப்னரும் கோல்ஃபும் 2002-ல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். மறு ஆண்டு ஜூனில் ஸ்கிரிப்னர் காலமானார். அந்த ஏழு பேர் தாங்கள் யார் என்று கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

அடுத்த முறை ஒரு மருத்துவமனையில் "இடம் இல்லை", "செய்ய ஒன்றுமில்லை" என்ற வார்த்தைகள் காதில் விழுந்தால், அது மேலே சொன்ன மூன்றில் எந்தக் கேள்விக்கான பதில் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மருத்துவரின் வாயிலிருந்து வருவதாலேயே அது மருத்துவம் ஆகிவிடாது.